சங்க விதியும் தெரு வழக்கமும்

மகாசபைக் கூட்டம் முடிந்து, கையெழுத்துப் புத்தகமும் மூடப்பட்டு, அங்கத்தினர்கள் பந்தலின் ஓரத்தில் நின்று காபி அருந்தும் வேளையில் ஒரு பேச்சு எழுவதை நாம் பல ஊர்களில் கேட்டிருக்கிறோம். “நம் ஜனங்களுக்குக் கூட்டுறவு ஒத்துவராது ஐயா, அது அயல்நாட்டுச் சரக்கு” என்பார் ஒருவர். “அதெல்லாம் இல்லை, உபவிதிகளைக் கண்டிப்பாக நடத்தினால் எவரும் ஒழுங்காக நடப்பார்” என்பார் மற்றொருவர். முன்னவர் குற்றம் முழுவதையும் ஜனங்களின் பண்பாட்டின் மேல் சுமத்துகிறார். பின்னவரோ பண்பாடு என்று ஒன்று இருப்பதாகவே கருதாமல், அமைப்பையும் சட்டத்தையும் மட்டுமே நம்புகிறார். காபி தீர்ந்ததும் இருவரும் தத்தம் வழியே போய்விடுகின்றனர். அடுத்த ஆண்டும் அதே பேச்சு நடக்கிறது.

இவ்விரண்டு கூற்றுகளும் நம் சங்கங்களுக்குக் கெடுதல் செய்து வந்திருக்கின்றன என்பது நம் கருத்து. முதற்கூற்றை நம்பினால் முயற்சியே நின்றுபோகும். இரண்டாவதை நம்பினால் முயற்சி முழுவதும் காகிதத்தோடு முடியும். மனிதனுடைய நடத்தையில் பண்பாட்டுக்கும் சமுதாய அமைப்புக்கும் உள்ள உறவு என்ன என்ற கேள்வி கல்லூரி ஆசிரியர்களுக்கு மட்டும் உரியதென நாம் ஒதுக்கிவிட முடியாது. கடன் திரும்பி வருவதும், நூல் எடை குறையாமல் சேலையாக வந்து சேருவதும், கூட்டத்தில் ஒரு மனிதர் எழுந்து கணக்குக் கேட்பதும் அந்த உறவைப் பொறுத்தே இருக்கின்றன.

பண்பாடு என்னும் சொல் அயல்மொழிச் சொல்லொன்றுக்கு நேராகச் சென்ற நூற்றாண்டில்தான் நம் எழுத்தில் பரவிற்று. ஆயினும் பயிர் செய்வோர்க்கு அது புதிய சொல் அன்று. நிலத்தைப் பண்படுத்துவது என்றால் என்னவென்று அவர்கள் அறிவார்கள். தரிசாகக் கிடந்த மண்ணும் பண்படும். பண்பட்ட மண்ணும் நாலு வருஷம் கவனியாமல் விட்டால் கோரை மண்டிப்போகும். மக்கள் கூட்டத்தின் பழக்கங்களும் அவ்வாறே என்பதற்கு ஓர் உதாரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். அது ஜெர்மனியில் தொடங்கி, அயர்லாந்துக்குப் போய், நம் சென்னை மாகாணத்துக்கும் வந்த ஒரு விதிப்புத்தகத்தின் கதை.

ஜெர்மனியின் வெஸ்டர்வால்டு மலைப்பகுதியில் சிற்றூர்களின் நிர்வாகத் தலைவராக இருந்தவர் பிரெடரிக் வில்ஹெல்ம் ரெய்பைசன். 1846-47ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் அவர் முதலில் செய்தது தருமம். வசதி படைத்தோரிடம் பணம் திரட்டி ஏழைகளுக்கு ரொட்டி கிடைக்க வழி செய்தார். செல்வர்களின் இரக்கத்தை மட்டும் நம்பிய ஏற்பாடு நீடிக்காது என்பதை அனுபவத்தில் கண்ட பின்னர், 1864இல் ஹெட்டெஸ்டார்ப் என்ற ஊரில், கடன் வாங்குவோரே அங்கத்தினராகச் சேரும் நாணயச் சங்கத்தை அமைத்தார். அதன் விதிகள் சிலவே. சங்கத்தின் எல்லை ஒரு சிற்றூர் அல்லது ஒரு பங்குக்கோயில் வட்டாரம். எல்லாரும் எல்லாரையும் அறிந்திருக்க வேண்டும். நிர்வாகிகளுக்குச் சம்பளம் இல்லை. கணக்கருக்கு மட்டும் உண்டு. லாபம் பிரிக்கமுடியாத சேமநிதிக்குப் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, சங்கத்தின் கடனுக்கு ஒவ்வோர் அங்கத்தினரும் தம் சொத்து முழுவதையும் கொண்டு பொறுப்பாவார். வரம்பற்ற பொறுப்பு என்பது இதுவே. அண்டை வீட்டுக்காரர் கடன் கட்டாவிட்டால் என் பசு போகும் என்றால், அவர் கடன் வாங்கி விதை வாங்கினாரா, வேறெதற்குச் செலவிட்டார் என்று நான் பார்த்துக்கொண்டுதானே இருப்பேன்! ஜெர்மனியில் இம்முறை வேரூன்றிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குப் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம நாணயச் சங்கங்கள் இருந்தன.

அயர்லாந்தில் ஹோரஸ் பிளங்கெட் என்பவரும் அவருடைய நண்பர்களும் 1894இல் விவசாயிகளின் கூட்டுறவுக்காக ஒரு மத்திய ஸ்தாபனத்தை ஏற்படுத்தி, மறு ஆண்டில் கார்க் மாவட்டத்து டோனரெயில் என்ற ஊரில் ரெய்பைசன் முறையிலேயே முதல் நாணயச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இத்தகைய சங்கங்கள் இருநூற்றைம்பதுக்கு மேல் பெருகின. பிறகு ஒவ்வொன்றாக வாடி, முதல் உலக யுத்தத்துக்குப் பின் பெரும்பாலும் மறைந்தே போயின. விதிகள் ஒன்றே, விதைத்தவர்களும் நேர்மையானவர்கள். பின் ஏன் முளைத்தது நிலைக்கவில்லை?

இதை ஆராய்ந்த பொருளாதார வரலாற்றாசிரியர்கள் இரண்டு வகைக் காரணங்களைச் சொல்கிறார்கள். முதலாவது வழக்கத்தைச் சேர்ந்தது. அண்டை வீட்டார் மேல் கடனுக்காக நடவடிக்கை எடுப்பதை அயர்லாந்துக் கிராமத்தார் மிகவும் வெறுத்தனர். தவணை தவறியவரைச் சபையில் நிறுத்தவோ, ஜாமீன்தாரரை நெருக்கவோ எவரும் முன்வரவில்லை. வரம்பற்ற பொறுப்பு ஏட்டில் இருந்தது. ஒருவரை ஒருவர் கண்காணிக்கும் பழக்கம் ஊரில் இல்லை. இரண்டாவது அமைப்பைச் சேர்ந்தது. கிராமத்தாரின் சேமிப்பு ஏற்கெனவே தபால் ஆபீஸ் சேமிப்பு வங்கியிலும் பிற வங்கிகளிலும் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. சங்கங்களில் டெபாசிட் சேராமையால், அவை சர்க்காரும் வங்கிகளும் தந்த பணத்தைக் கடன் கொடுத்து வந்தன. திரும்பி வராத கடன் தம் பணமன்று, எங்கோ இருந்து வந்த பணம் என்று எண்ணுவது எளிதாயிற்று. ஜெர்மனியில் இருந்ததைப் போன்ற வலிமையான மத்தியத் தணிக்கையும் அங்கு இல்லை.

இதைக் கேட்டவுடன், “பார்த்தீர்களா, அவர்கள் பண்பாடு கூட்டுறவுக்கு ஒத்துவரவில்லை” என்று நம் முதல் நண்பர் சொல்லிவிடுவார். அவர் அவசரப்பட வேண்டாம். அதே அயர்லாந்தில், 1889இல் லிமரிக் மாவட்டத்து டிரம்காலகர் என்ற ஊரில் தொடங்கிய கூட்டுறவு வெண்ணெய்ப் பண்ணைகள் நூற்றுக்கணக்கில் பெருகி நிலைத்தன. கடன் சங்கத்தைத் தோற்கவிட்ட கிராமத்தார் போன்றவர்களே பால் சங்கத்தை நடத்திக் காட்டினர். என்ன வித்தியாசம்? நாம் அறிந்தவரை இதுதான்: பால் சங்கத்தில் ஒவ்வொரு காலையும் ஒவ்வொருவர் பாலும் அனைவர் கண்முன் அளக்கப்படுகிறது, அளவுக்குத் தக்க பணம் கொடுக்கப்படுகிறது. அண்டை வீட்டாரை நோக்கி விரல் நீட்ட வேண்டிய சங்கடத்தை அளவையே தீர்த்துவிடுகிறது. கடன் சங்கம் மனிதரை மனிதர் கேள்வி கேட்கவேண்டிய இடத்தில் நிறுத்திற்று. அவ்வூர் வழக்கம் அதைத் தாங்கவில்லை.

கதை அங்கும் முடியவில்லை. 1958இல் நோரா ஹெர்லிகி என்ற பள்ளி ஆசிரியையும் அவர் தோழர்களும் டப்ளினில் புதுமுறையான கடன் சங்கங்களைத் தொடங்கினார்கள். 1960இல் வட அயர்லாந்தின் டெரி நகரில், பிற்காலத்தில் சமாதானத்துக்கான நோபெல் பரிசு பெற்ற ஜான் ஹ்யூம், இளைஞராக இருந்தபோதே, தம் அண்டை அயலாருடன் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார். இவற்றில் முதலில் சேமிப்பு, பிறகு கடன். வெளிப்பணம் இல்லை, கடன் கேட்பவர் கேட்பது தம் தெருவாரின் பணத்தையே. இன்று அத்தீவில் இச்சங்கங்களின் அங்கத்தினர் முப்பது லட்சத்துக்கும் மேல். அரை நூற்றாண்டுக்கு முன் கூட்டுறவுக் கடனுக்கு ஒவ்வாதவர் என்று முத்திரை குத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சென்னை அரசாங்கத்தின் ஏற்பாட்டில் பிரெடரிக் நிக்கல்சன் ஐரோப்பிய முறைகளை ஆராய்ந்து 1895லும் 1897லும் வெளியிட்ட அறிக்கையின் சாரம், ரெய்பைசனைப் போன்றவரை நம் நாட்டில் தேட வேண்டும் என்பதே. 1904இல் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் வந்தது. அவ்வாண்டிலேயே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் விவசாயக் கடன் சங்கம் தோன்றிற்று. கிராமச் சங்கங்களுக்கு வரம்பற்ற பொறுப்பே விதி என்று சட்டம் கூறிற்று. ஹெட்டெஸ்டார்ப்பின் விதி அவ்வாறே வந்து இறங்கியது. ஐம்பது ஆண்டு கழித்து, 1951-52இல் நடந்து 1954இல் அறிக்கையாக வந்த அகில இந்தியக் கிராமக் கடன் ஆய்வு, உழவர்கள் வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது நூற்றுக்கு 3.1 பங்கே என்று கண்டது. ஏனையவை பெரும்பாலும் லேவாதேவிக்காரரிடமும் வியாபாரிகளிடமும் பெற்றவை.

இதில் நம் ஜனங்களின் பண்பாட்டுக் குறை எது? ரெய்பைசனின் விதி ஓர் எண்ணத்தின் மேல் நிற்கிறது: ஊரார் எல்லாரும் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கக்கூடியவர்கள் என்பதே அது. நம் ஊர்களில் யார் யாரைக் கேள்வி கேட்பது? குத்தகைதாரர் நில உடைமையாளரைக் கேட்பாரா? கலியாணக் கடனுக்கு எவரிடம் பத்திரம் எழுதிக் கொடுத்தாரோ, அவரே சங்கத் தலைவராகவும் அமர்ந்திருந்தால், வாய் திறப்பாரா? சேரி மக்கள் செருப்பணிந்து நடக்க இயலாத தெருக்கள் பல ஊர்களில் இருந்தன. சங்கக் கட்டடம் அத்தகைய தெருவிலே அமைந்தால், சமமான ஓட்டு என்று உபவிதியில் அச்சிட்டிருப்பதால் என்ன பயன்? 1954ஆம் ஆண்டு அறிக்கையும், கிராமத்தில் ஆதிக்கம் பெற்றோரின் வலிமைக்கு முன் சங்கங்கள் நிற்க முடியவில்லை என்பதையே வற்புறுத்திற்று. ஆகையால் பண்பாடு என்று நாம் பெயரிட்டு அழைப்பதில் பாதி, பழைய சமுதாய அமைப்பு மனத்தில் விட்டுச் சென்ற தழும்பே என்று சொல்லலாம். கேளாமல் இருப்பது பிறவிக் குணம் அன்று. கேட்டவர்களுக்கு நேர்ந்ததைப் பார்த்துப் பயின்ற பாடம்.

மனிதர் எங்கும் ஒரே சுயநலக்காரர்தாம் என்று சொல்வோரும் உண்டு. அவர்களுக்காக இதைச் சொல்லிச் செல்கிறோம். ஜோசப் ஹென்ரிக் முதலான ஆய்வாளர்கள் உலகின் பல பாகங்களில் உள்ள பதினைந்து சிறு சமூகங்களில் ஒரு விளையாட்டை நடத்தி, 2001 முதல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒருவரிடம் ஒரு தொகையைக் கொடுத்து, முன்பின் தெரியாத மற்றொருவருக்கு விருப்பம்போல் பங்கு தரச் சொல்வார்கள். அவர் ஏற்றால் இருவருக்கும் பணம்; மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. பெரு நாட்டுக் காடுகளில் குடும்பம் குடும்பமாகத் தனித்து வாழும் மச்சிகெங்கா மக்கள் சராசரியாக நூற்றில் 26 பங்கு கொடுத்தனர். அதையும் பெரும்பாலும் மறுக்காமல் வாங்கிக்கொண்டனர். இந்தோனேசியாவின் லமலேரா ஊரார் பெரும் படகுகளில் கூட்டமாகச் சென்று திமிங்கிலம் வேட்டையாடி, பரம்பரை முறைப்படி துண்டு துண்டாகப் பங்கிடுவோர். அவர்கள் பாதிக்கு மேலேயே கொடுத்தனர். ஆளுக்கு ஆள் உள்ள வயதோ ஆஸ்தியோ இவ்வேறுபாட்டை விளக்கவில்லை. அன்றாடத் தொழிலில் எவ்வளவு தூரம் பிறரோடு சேர்ந்து உழைக்கிறார்கள், சந்தையில் எவ்வளவு கலந்து பழகுகிறார்கள் என்பதே விளக்கிற்று. கென்யாவின் ஓர்மா மக்களிடம் பொதுநிதிக்குப் பணம் போடும் வேறொரு விளையாட்டை வைத்தபோது, அவர்கள் அதற்கு உடனே “ஹரம்பி” என்று பெயரிட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடம் போன்ற பொதுக்காரியத்துக்கு ஊரார் பணம் சேர்ப்பதற்கு அந்நாட்டில் வழங்கும் பெயர் அது. தாம் அறிந்த ஏற்பாட்டின் சாயல் தெரிந்ததும், அந்த ஏற்பாட்டில் எப்படி நடப்பார்களோ அப்படியே தாராளமாகப் பணம் போட்டார்கள்.

இந்த ஓர்மா மக்களின் செய்தி நம் மனத்தை விட்டு அகலவில்லை. புதிய சங்கத்தைப் பார்க்கும் நம் அங்கத்தினருக்கு அது எதன் சாயலாகத் தெரிகிறது? கைத்தறியாளர் பல தலைமுறையாக முன்பணம் கொடுத்த முதலாளியின் நூலை நெய்து, அவரிடமே கூலி வாங்கிப் பழகியவர்கள். சங்கம் நூல் கொடுக்கிறது, சேலை வாங்குகிறது, கூலி கொடுக்கிறது. ஆகவே அது மற்றொரு முதலாளியாகவே தெரிகிறது. முதலாளியிடம் கணக்குக் கேட்பது வழக்கம் அன்று. நல்ல நூலில் கொஞ்சம் மிச்சம் பிடிப்பது பாவமாகவும் கருதப்படவில்லை. அங்கத்தினர் சங்கத்துக்குத் துரோகம் செய்கிறார் என்று காரியதரிசிகள் வருந்துகின்றனர். அங்கத்தினரோ தம் கணக்கில் துரோகம் செய்யவே இல்லை; பழைய உறவுக்குரிய பழைய தர்மப்படியே நடந்துகொண்டிருக்கிறார்.

அதே நெசவாளரை விடியற்காலையில் தெருவில் பாருங்கள். கால் நட்டுப் பாவை நீட்டிக் கட்டி, கஞ்சி தோய்த்து, இருபுறமும் நின்று பாவாற்றியால் வாரிவிட்டு, வெயில் ஏறுமுன் முடித்தாக வேண்டும். ஒரு குடும்பத்தின் கைகள் அதற்குப் போதா. இன்று இவர் பாவுக்கு அவர் வருவார்; நாளை அவர் பாவுக்கு இவர் போவார். கூலி இல்லை, நோட்டுப் புத்தகம் இல்லை, உபவிதி இல்லை. வராமல் நின்றவர் யார் என்பது அடுத்த பாவன்றே தெரிந்துவிடும். கூட்டுறவு ஒத்துவராத ஜனங்களா இவர்கள்? இயந்திரத்தில் கஞ்சியேற்றிய பாவு கிடைப்பதால் பல ஊர்களில் இக்காட்சி குறைந்து வருகிறது. வேலை எளிதானதில் நமக்கு வருத்தம் இல்லை. ஆனால் அவ்வேலையோடு சேர்ந்து பயின்று வந்த பழக்கமும் போகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பழைய வழக்கம் எல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. ஏரிப்பாசன ஊர்களின் குடிமராமத்தை எடுத்துக்கொள்வோம். ஊரார் கூடிக் கரையைச் செப்பனிட்டு வரத்துக்கால்களைத் தூர் எடுத்த வழக்கம் தளர்ந்தபோது, அன்றைய சென்னை அரசாங்கம் 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றிப் பார்த்தது. சட்டத்தால் வழக்கம் உயிர் பெறவில்லை. இது விதியை மட்டும் நம்பும் நம் இரண்டாம் நண்பருக்கு. முதல் நண்பருக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: அந்தக் கூட்டு உழைப்பில் மண்வெட்டி பிடித்தவர் யார், மேட்டில் நின்று பார்த்தவர் யார் என்று கேட்டால் வழக்கத்தின் அழகு சற்றுக் குறையும். மடை திறந்து வயல்தோறும் தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டி பல ஊர்களில் தாழ்த்தப்பட்ட வகுப்பினரே. சொந்த வயல் இல்லாதவர் ஆதலால் பாரபட்சம் காட்டமாட்டார் என்று ஊர்த் தண்ணீர் முழுவதையும் அவர் கையில் ஒப்படைத்தார்கள். ஊர்க்கூட்டத்தில் அவருக்கு உட்கார இடம் கொடுக்கவில்லை. நம்பிக்கையும் இழிவும் ஒரே வழக்கத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கின்றன. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தீர்மானிக்கவேண்டியவர்கள் நாமே.

நம் சங்கங்களில் இப்போது செய்யத்தக்கது என்ன? அயர்லாந்துப் பால் சங்கத்தையும் தெருப்பாவையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது நமக்குத் தோன்றுவதைச் சொல்கிறோம். கணக்கு ஆண்டுக்கு ஒருமுறை மகாசபையில், ஒலிபெருக்கியில், எவர் காதிலும் ஏறாத வேகத்தில் வாசிக்கப்படுவதற்குப் பதிலாக, மாதந்தோறும் தெருவுக்குத் தெரு வாசிக்கப்படலாம். எந்த வீட்டுக்கு எத்தனை கிலோ நூல் போயிற்று, எத்தனை சேலை வந்தது, கூலி பாக்கி எவ்வளவு, நிர்வாகசபையாரின் உறவினருக்குப் போன கடன் எவ்வளவு, இவ்வளவே போதும். மேடையிலிருக்கும் தலைவரை நோக்கி எழுந்து கேட்கத் துணியாதவர், தம் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, “அது என்ன, எங்கள் வீட்டு எடையில் அரைக்கிலோ கூடுதலாக இருக்கிறதே” என்று கேட்டுவிடுவார். அப்படிக் கேட்டவர்மேல் எவரும் மனத்தாங்கல் கொள்ளாமல் பதில் கிடைத்தால், மறுமாதம் இன்னொருவர் கேட்பார். பழக்கம் அவ்வாறே உண்டாகிறது. வாசிப்பு எல்லாத் தெருவிலும் நடக்க வேண்டும். சேரித் தெருவை விட்டுவிட்டு நடத்துவதானால் தொடங்காமலே இருக்கலாம்.

திண்ணையில் வாசித்தால் மற்றொரு நன்மையும் உண்டு. 2019-20இல் எடுக்கப்பட்ட நான்காம் அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் இத்தொழிலில் உள்ள சுமார் 35 லட்சம் பேரில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். நிர்வாகசபையில் பெண்களுக்கு இடம் ஒதுக்கிச் சட்டமும் இருக்கிறது. ஆயினும் தார் சுற்றுவதும் பாவு பிணைப்பதும் பல வேளைகளில் தறியில் அமர்வதும் வீட்டுப் பெண்ணாக இருக்க, அங்கத்தினர் பெயரும் பாஸ்புத்தகமும் கணவர் பெயரிலேயே இருக்கக் காண்கிறோம். நூல் எவ்வளவு வந்தது, எவ்வளவு கழிவாயிற்று என்று அந்த வீட்டில் அறிந்தவர் அவரே. மகாசபைக்கு அவர் வருவதில்லை. வந்தாலும் பின்வரிசையில் நிற்கிறார். வாசற்படியில் கணக்கு வாசிக்கும்போது அவர் உள்ளேயிருந்து குரல் கொடுப்பதை எந்த வழக்கமும் தடுக்காது. பிறகு அவர் பெயரையும் அங்கத்தினர் ஜாபிதாவில் சேர்ப்பது நிர்வாகசபையின் கடமை. அதற்கான பங்குத்தொகையைக் கூலியில் சிறு தவணைகளாகப் பிடித்துக்கொள்ளலாம்.

இம்முறையைச் சோதித்துப் பார்க்க விரும்பும் சங்கங்கள் அடுத்த மாதமே ஒரு தெருவில் தொடங்கலாம். அரைமணி நேரம் போதும். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரம் வசதியானது. கூலி பட்டுவாடா நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அன்று எல்லார்க்கும் வேறு கவலை. கேட்கப்பட்ட கேள்விகளையும் சொல்லப்பட்ட பதில்களையும் ஒரு நோட்டில் எழுதி வைத்து, அதை மகாசபையின் மேஜைமீது வைப்பது அவசியம். அந்நோட்டில் ஒரு பகுதியை நமக்கும் அனுப்பினால் இப்பத்திரிகையில் இடம் ஒதுக்கி வெளியிடுவோம்.